நீராவியை வீணடித்தார் என்று எழுதப்பட்ட என் அத்தை

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எங்கள் தேவாலயத்தின் பங்கு மடலில் இறந்தவர்களின் நற்குணங்களை மட்டும் எழுதுவது வழக்கம். என் அத்தை பிலோமினா மேரி ஒரு மெமோவும் வாங்கியிருந்தார். அதையும் எழுதுவேன்.

சென்ற மாதம் மூன்றாவது பாடவேளையில் அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "அத்தை போயிட்டாங்க கண்ணு" என்று அதற்குள்ளிருந்தே சொன்னார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். மெமோதான் கொன்றது என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு அது தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

அத்தை ஓசூரை அடுத்த ஜூஜுவாடிப் பக்கம் ஓர் ஆலையில் ஆபரேட்டராக இருந்தார். மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்திவிட்டு அனுப்பும் சால்வென்ட் என்ற கரைப்பான் திரவங்களைக் காய்ச்சிப் பிரிக்கும் ஆலை அது. அங்கே உயரமான இரண்டு டவர்கள் உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொன்றின் அடியிலும் தனியாக நீராவி கொடுத்துக் கொதிக்கவைப்பார்கள். பிறகு இரண்டையும் ஒரு குழாயால் இணைத்தார்கள். பெரிய டவரில் எழும் சூடான ஆவியில் ஒரு பங்கு அந்தக் குழாய் வழியே சின்ன டவருக்குப் போய் அங்குள்ள வேலையையும் செய்யும். சின்ன டவருக்குத் தனி நீராவி வேண்டாம்.

இணைத்த புதிதில் எந்தப் பக்கம் எவ்வளவு ஆவி போகிறது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. அத்தை பல நாள் இரட்டை ஷிப்ட் பார்த்து அதைச் சீராக்கினார். அப்போது வீட்டுக்கு வந்தால் சோற்றில் கையை வைத்தபடி தூங்கிவிடுவார். நீராவிச் செலவு குறைந்ததும் கம்பெனி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தது. "இத்தன நெய்யா, நீராவியில மிச்சம் புடிச்சத இதுல ஊத்திட்டாங்க போல" என்று சிரித்துக்கொண்டே எனக்குப் பாதியைக் கொடுத்தார்.

அடுத்த வருடம் சோதனைக்காக அந்தக் குழாயின் மேலிருந்த கண்ணாடிக் கம்பளி உறையை உரித்தார்கள். திரும்பச் சுற்றவில்லை. ஓசூரின் மார்கழிக் குளிர் தெரியுமல்லவா? வெறும் குழாயில் போகும் ஆவி வழியிலேயே குளிர்ந்து திரவமாகிவிடும். சின்ன டவர் சோர்ந்துவிடும், சரக்கு தரம் கெடும். தரத்தைக் காப்பாற்றப் பெரிய டவரின் அடியில் நீராவியைக் கூட்டவேண்டும். எல்லா ஆபரேட்டர்களும் கூட்டினார்கள். ஏன் கூட்டினோம் என்று லாக் புத்தகத்தில் எழுதியவர் அத்தை மட்டும்தான். "குழாய் உறையில்லாமல் இருக்கிறது" என்று ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதினார்.

சூப்பர்வைசர் மஞ்சுநாத் வந்து, ஆடிட்டில் பார்ப்பார்கள், அதை எழுதாதீர்கள் என்றாராம். அத்தை சொன்ன பதிலை எங்களிடம் நடித்தே காட்டினார்: "பைப்புக்கு ஒரு ஸ்வெட்டர் போடுங்க சார், நான் எழுதறத நிறுத்திக்கிறேன்."

பதிலுக்கு வந்தது மெமோ. அளவுக்கு மீறி நீராவி செலவழித்தார் என்று அத்தை பெயர் போட்டு வந்தது. அவருடைய விளக்கக் கடிதத்தை நான்தான் நல்ல கையெழுத்தில் படி எடுத்தேன். அதற்குப் பதில் வரவே இல்லை. அவரை ஸ்டோருக்கு மாற்றி, கையுறைகளை எண்ணவைத்தார்கள். அதன் பிறகு அவர் வீட்டில் யாரையும் நடித்துக் காட்டவில்லை.

போன சனிக்கிழமை ஆலைக் கேன்டீனில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. எரிசக்தி சேமிப்புக்கே பிலோமினா மேடம் முன்னுதாரணம் என்று மேனேஜர் பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் இருந்த ஆபரேட்டர் செல்வி அக்கா குனிந்து, "மேடத்த ஸ்டோருக்கு அனுப்புன மறுவாரமே பைப்ப சுத்திட்டாங்க பாப்பா. நீராவி பழையபடி எறங்கிடுச்சு" என்றார்.

அப்படியானால் அத்தை எழுதியது சரி என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் மெமோவைத் திரும்பப் பெறவில்லை.

கூட்டம் முடிந்ததும் அப்பா மேனேஜரிடம் போய், மெமோவை ரத்து செய்து ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்டார். கெஞ்சுகிற குரலில் கேட்டார். எனக்கு அதுவும் கோபமாக இருந்தது.

"போனவங்களுக்கு மெமோ என்ன சார், ஃபைல் எப்பவோ க்ளோஸ்" என்றார் மேனேஜர்.

"க்ளோஸ் பண்ண ஃபைல்ல அத்தைதான் வீணாக்குனாங்கன்னு இருக்கே சார். அது பொய்தானே?" என்று கேட்டேன். அப்பா என் கையைப் பிடித்தார். நான் நகரவில்லை. மேனேஜர் என்னைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அத்தை, அவர்கள் தராத கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். நீங்கள் எதையும் வீணாக்கவில்லை. போய் வாருங்கள்.

அன்று கேன்டீனில் நாங்கள் இன்னும் உங்கள் படத்தின் முன்னால்தான் நின்றிருந்தோம். யாரோ கரண்ட் வீணாகிறது என்றார்கள். விளக்குகள் அணைக்கப்பட்டன.