நடுவில் நின்றவள்

மியூனிக்கில் வேலை பார்த்த நாட்களில், ஒரு மதிய இடைவேளையில் என் தோழிதான் அந்தப் பழைய படங்களை இணையத்தில் காட்டினாள். அந்தக் காலத்து அமெரிக்க மதுக்கடைகளில் பீரோ மாதிரி ஒரு பெட்டி இருக்குமாம். காசு போட்டால் மேலே உள்ள திரையில் ஒரே ஒரு பாட்டு ஓடும். அவள் காட்டிய ஒரு படத்தில் மூன்று பெண்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று, ஆளுக்கொரு சுரத்தில் சேர்ந்து பாடினார்கள். நான் நடுவில் நின்றவளைத்தான் பார்த்தேன். கேமரா அவளை விட்டு நகரவே இல்லை.

"நம்ம தமிழ்ச் சங்கப் பொங்கல் ஃபங்ஷனுக்கு நாமளும் இதே மாதிரி பண்ணலாம்டி" என்றாள். நடுவில் யார் என்ற பேச்சே வரவில்லை. மெட்டு அவளுக்கு, மேல்குரல் அலுவலகத்தில் இன்னொரு தோழிக்கு, கீழ்க்குரல் எனக்கு. அவள் குரல் அப்படி ஒரு தேன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எல்லோரும் ஒரே மெட்டில் பாடும் கர்நாடக சங்கீதம் படித்த எங்களுக்கு அவரவர் குரலில் நிற்கத் தெரியவில்லை. இரண்டாவது வரியிலேயே நாங்கள் இருவரும் அவள் மெட்டில் போய் விழுந்தோம். அந்தப் படங்களிலும் பாட்டை முன்பே பதிவு செய்துவிட்டு, கேமராவுக்கு வாயை மட்டும் அசைப்பார்களாம். நாங்களும் அவள் வீட்டுச் சமையலறையில் ஒவ்வொருவராகப் பாடி லேப்டாப்பில் சேர்த்தோம். மேடையில் வாயசைத்தால் போதும்.

விழாவன்று அவளுக்குக் காய்ச்சல். "நீ நடுவுல நில்லு. பாட்டுதான் ரெடியா இருக்கே" என்று போனில் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் இடத்தில், ஊரிலிருந்து வந்திருந்த யாருடைய தங்கையோ நின்று வாயசைத்தாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது கொஞ்சம் குத்தியது. இருந்தாலும் கேமரா என்னைத்தானே பார்த்தது! பட்டுப்புடவையில், அவள் குரலுக்கு நான் தலையை ஆட்டி ஆட்டிக் கைதட்டலை அள்ளினேன்.

அந்த வீடியோவை சி.டி.யில் போட்டு மதுரைக்கு அனுப்பினேன். சின்ன வயதில் நான் பாட உட்கார்ந்தாலே அடுப்பைச் சாக்குச் சொல்லி எழுந்துபோகும் அம்மா, போனில் அழுதாள்.

"இப்படி ஒரு குரலை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த? திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்குறேன்."

நான் "ம்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதான். கூட ஒருத்தி கட்டைக் குரல்ல இழுக்கிறா பாரு, அவளை மட்டும் அடுத்த தடவை சேர்த்துக்காதீங்க."

"சரிம்மா" என்று போனை வைத்தேன். அம்மாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. காய்ச்சலில் படுத்துக்கொண்டே என் அம்மாவையும் பாடி மயக்கிவிட்டாளே, அவள்மேல்தான் வந்தது.