பச்சை வண்டி, கறுப்பு வண்டி

நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய இரண்டு படங்களும் நேற்றுக் காலையே வந்துவிட்டன. இரண்டும் அந்தக் காலத்து மோஸ்தரில் இந்தக் காலத்தில் செய்த வண்டிகள். உருண்டை ஹெட்லைட், தொப்பை வைத்த டேங்க், பிளாஸ்டிக் மூடாக்கு எதுவும் இல்லாமல் என்ஜின் அப்படியே வெளியில் தெரிகிற உடம்பு. படங்களுக்குக் கீழே, "எது வாங்கலாம், சொல்லுங்க" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நாள் முழுக்க நான் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் மறதி அல்ல. இதே இரண்டில் எது என்று இதற்கு முன்பும் ஒருவன் என்னைக் கேட்டிருக்கிறான்.

யோசனை சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வண்டி சரியாக ஓட்டத் தெரியாது. திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்தில், பொன்னேரி பஸ்ஸுக்கு நின்றிருந்த ஜனம் மொத்தமும் பார்க்க, மாமாவின் மொபெட்டோடு ஒரு நெல் மூட்டையின் மேல் சாய்ந்தவன் நான். மூட்டைக்காரர் என்னைத் தூக்கிவிடவில்லை. மூட்டையைத்தான் தடவிப் பார்த்தார். ஆனால் அபிப்பிராயம் சொல்ல ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு நான் பேசுகிற பேச்சைக் கேட்டால், இரண்டு வண்டியையும் செய்ததே நான்தான் என்று நினைப்பீர்கள்.

அந்தப் பேச்சையெல்லாம் வாய் பிளந்து கேட்டவன் ஏழுமலை. ஊரடங்கு முடிந்து வேலைகள் மெல்லத் திரும்பிய காலம். மீஞ்சூர் பக்கம் ஒரு இரும்பு வேலை ஷெட்டில் நான் டைம் கீப்பர், ஆள்வரவு எழுதுகிறவன். அவன் தகடு வளைக்கிற மெஷினில் ஹெல்பர். நாங்கள் இரண்டு பேருமே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கேட்டு, கிடைக்காமல், அங்கே வந்து சேர்ந்தவர்கள். துறைமுகத்தை விரிவுபடுத்தக் கூடாது என்று என் நைனா பழவேற்காட்டில் கறுப்புக் கொடி பிடித்த அதே மாதத்தில்தான் நான் அங்கே பயோடேட்டா கொடுத்தேன். அது அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்குப் பழவேற்காடு ஏரியில் பங்கு உண்டு. முறை வைத்து, இன்ன நாள் இன்ன இடம் என்று வலை கட்டுகிற குடும்பங்களில் ஒன்று. ஏழுமலையின் ஆட்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை, முறையும் இல்லை. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் பன்னிரண்டு குடிசைகளில் இருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தவழ்ந்தபடி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பை, அதன் கயிறு பல்லில். அவன் பெண்சாதி செஞ்சம்மா காலையில் நான் பஸ்ஸுக்குப் போகும்போது தண்ணீரில் இருப்பாள். மதியம் வரை தலை மட்டும்தான் தெரியும்.

ஏழுமலை என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் என்னை "ண்ணா" என்றுதான் கூப்பிடுவான். நான் "வாடா, போடா" என்பேன். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இறால் வாசனை உங்களுக்கு எப்படியோ, எங்களுக்கு அது சோற்று வாசனை. ஆனால் ஷேர் ஆட்டோவில் அவன் ஏறினால் பக்கத்திலிருப்பவர் நகர்ந்து உட்காருவார். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் நகர்வார்கள். அதனால்தானோ என்னவோ, பொன்னேரி ஷோரூமுக்குள் முதன்முதலாகப் போனபோது அவன் வண்டியைத் தொடவில்லை. குனிந்து முன் டயரை மோந்து பார்த்தான். புது ரப்பரும் மெழுகும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, அது எனக்கு இன்று எங்கே வந்தாலும் அவன் குனிந்த முதுகுதான் முதலில் தெரிகிறது.

"இந்த வண்டியில எறாக் கூடைய எங்கடா கட்டுவ?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கட்டணும்? ஊர்ல எல்லா வண்டியும் கூடை தூக்கறதுக்குத்தானா கீது? இதுல நானும் செஞ்சம்மாவும் மட்டுந்தான்."

ஷோரூம்காரர் எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தவன் நான்தானே. நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். பச்சை வண்டி கனம். நின்ற இடத்தில் என்ஜின் நிதானமாகத் தட்டித் தட்டி ஓடும். கறுப்பு கொஞ்சம் லேசு, முறுக்கினால் சீறும். நான் பச்சைக்குக் கட்சி கட்டினேன். "அதுல உக்காந்தாத்தான் ஆளு மாதிரி இருப்ப" என்றேன். அவனுக்குக் கறுப்பு. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. "அது என் கைக்கு வருதுண்ணா" என்பான். மூன்று மாதம் இதே பேச்சு. மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தி, பஸ்ஸில், டீக்கடையில். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் புக் பண்ணிவிடுவது என்றும், அங்கே நின்று முடிவு செய்வது என்றும் ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை பிற்பகலில் அந்த மெஷின் அவன் இடது கையைப் பிடித்தது.

இரண்டு உருளைகளுக்கு நடுவே தகடு போகிற இடத்தில் ஒரு இரும்பு மூடி இருக்க வேண்டும். அது கழன்று இருபது நாளாகியிருந்தது. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தகடு சிக்கினால் ஹெல்பர்தான் கையால் தள்ளிவிட வேண்டும். அப்படித்தான் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. "மெஷின நிறுத்து" என்று அவன் சாதாரணக் குரலில் சொன்னதுதான் கேட்டது. நான் ஓடினேன். எந்த சுவிட்ச் என்று எனக்குத் தெரியவில்லை. வேறு யாரோ நிறுத்தினார்கள். சென்னைக்குக் கொண்டுபோனோம். சுட்டுவிரலும் நடுவிரலும் அடியோடு போயின. மோதிரவிரல் பாதி.

செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் ஒரு டைப் அடித்த தாளோடு என் மேஜைக்கு வந்தார். எச்சரிக்கையை மீறி, மெஷின் ஓடும்போது, தன் கவனக்குறைவால் கையை விட்டுக்கொண்டான் என்று இருந்தது. கீழே சாட்சிகளுக்கு இரண்டு இடம். ஒன்றில் ஏற்கெனவே வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நீ படிச்ச பையன், புரியும். ஷெட்ட மூடிட்டா நாப்பது பேர் வீட்ல அடுப்பு எரியாது" என்றார் சூப்பர்வைசர்.

படிக்காமல் போட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசைதான். படித்தேன். 'எச்சரிக்கை'யில் ஒரு 'ச்' விட்டுப்போயிருந்தது. அதைப் பேனாவால் திருத்திவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரிச் செலவை ஷெட்டில் பார்த்துக்கொண்டார்கள். அதோடு சரி. நஷ்டஈடு உண்டு என்று யாரோ சொல்லி அவன் கேட்கப் போனபோது அந்தத் தாளைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். நான் அவனை வீட்டில் போய்ப் பார்த்தது ஒரே முறை. செஞ்சம்மா எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர்கள் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். எறாவுக்குப் போகிறாயா என்று கேட்டேன்.

"எறங்கிப் பாத்தேன். வலது கை புடிக்கிற கை, இடது கைதான் தேடுற கை. சேத்துல இன்னா கீதுன்னு இப்ப அது சொல்ல மாட்டேங்குது. நண்டுன்னு நெனச்சா கல்லு. கல்லுன்னு விட்டா ஓடிடுது."

செஞ்சம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நான் போறேன் இல்ல. போதும்."

நாலு மாதம் கழித்து ஒரு லீவு நாள் காலையில் நான் டீ குடிக்க வந்தபோது அவன் பஸ் நிறுத்தத்தில் எனக்காக நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. இடது கை பாக்கெட்டுக்குள்.

"ண்ணா, இன்னிக்கி உனக்கு லீவுதான? வண்டி பாக்கப் போலாமா?"

வண்டிக்குச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த நாலு மாதத்தில் சாப்பாட்டுக்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். "வாங்கவாடா?" என்றேன்.

"இல்ல. எது என்னால முடியும்னு தெரிஞ்சிக்கணும். அவ்ளோதான்."

ஷோரூமில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். அவன் கையைப் பார்த்ததும் என்னிடம் மெதுவாக, "சார், கியர் இல்லாத ஸ்கூட்டர் காட்டட்டுமா?" என்றாள். நல்ல எண்ணத்தில்தான். "வேணாம்மா, இது ரெண்டுந்தான்" என்று அவனே பதில் சொன்னான்.

முதலில் பச்சையில் ஏறினான். கிளட்ச் இடது கையில் என்பது உங்களுக்குத் தெரியும். சுண்டு விரலையும் பாதி மோதிர விரலையும் லீவரில் மாட்டி, கட்டை விரலைக் கைப்பிடியில் ஊன்றி இழுத்தான். பாதி வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி இழுத்தான். மறுபடியும் பாதி. இறங்கி, கறுப்பில் ஏறினான். அதில் கடைசிவரை வந்தது. பிடித்துக்கொண்டே இருந்தான். நான் மனசுக்குள் எண்ணினேன். எட்டு வந்தபோது நழுவியது.

"மீஞ்சூர் ரயில்வே கேட்டுல நின்னா நியூட்ரல்ல போட்டுக்கலாம். வழியெல்லாம் புடிச்சினே இருக்க வேணாம் இல்ல?" என்றான்.

"வேணாம்."

அந்தப் பெண் வேறு யாரையோ கவனிக்கப் போனாள். அவன் கறுப்பு வண்டியை விட்டு இறங்கவில்லை. லீவரை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான். முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"நீ படிச்சித்தான போட்ட?"

நான் எதை என்று கேட்கவில்லை. "படிச்சித்தான்."

"இன்னா எழுதியிருந்திச்சி? எனக்கு யாரும் படிச்சிக் காட்டல."

அந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்று நான் சொன்னேன். ஒரு வரி விடாமல் எனக்கு மனப்பாடமாக இருந்தது. முடிந்ததும் லீவரை விட்டுவிட்டுக் கேட்டான்.

"குடிச்சிட்டு வந்தேன்னு எழுதலையே?"

"இல்ல."

"அதுவரைக்கும் சரி."

"ஏழுமல, நான் வேணா லேபர் ஆபீசுக்கு வந்து நடந்ததச் சொல்லிடறேன்டா."

"உன் வேல பூடும்ணா."

அவன் அப்படிச் சொன்னபோது என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி லேசானது. அது வெட்கம் இல்லை. நிம்மதி. அதைத்தான் இத்தனை வருஷமாக என்னால் விழுங்க முடியவில்லை. நான் வற்புறுத்தவில்லை. அவன் வண்டியை விட்டு இறங்கி, உட்கார்ந்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "கறுப்புதாண்ணா. நீ பச்சைன்னு சொன்னது தப்பு" என்றான். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவன்தான் டிக்கெட் எடுத்தான். அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றுமில்லை, வழியில் பார்த்தால் தலையசைப்போம். பிறகு அதுவும் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

அந்த ஷெட்டில் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தேன். ஆர்டர் இல்லை என்று அவர்களே அதை மூடினார்கள். நாற்பது பேருக்கும் ஒரே நாளில் கணக்கு முடித்தார்கள். பறிபோக வேலையே இல்லாமல் ஆன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதிலும் ஒரு வருஷம் யோசனையில் போயிற்று. போன மாசி மாதம் லேபர் ஆபீசுக்குப் போய், இப்படி ஒரு விபத்தில் நான் பொய்ச்சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், மாற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். அங்கிருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வருஷம் கடந்துபோன விஷயம், எடுத்துக்கொள்வார்களா என்று சொல்ல முடியாது, அடிபட்டவர் மனுக் கொடுத்தால் உங்கள் வாக்குமூலத்தையும் சேர்க்கலாம் என்றார். பெயர் கேட்டார். சொன்னேன். தகப்பனார் பெயர் கேட்டார். மாதக்கணக்கில் தினம் காலையில் அவன் பெயரை எழுதியவன் நான். எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

நேராக ஊருக்கு வந்தேன். மீஞ்சூரில் ஷெட் இருந்த இடத்தில் தகரமும் இல்லை, தூணும் இல்லை, லாரிகள் நிற்கின்றன. பொன்னேரி ஷோரூம் கல்யாண ஜவுளிக்கடை ஆகிவிட்டது. சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போனால், குடிசைகள் இல்லை. பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை. தரை மழையில் சமமாகியிருந்தது. ஏரியில் ஒரு தலையும் தெரியவில்லை.

வீட்டு வாசலில் நைனா உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன்.

"தோப்புக்குப் பின்னால இருந்தவங்க எங்க போனாங்க நைனா?"

"எளாவூர் தாண்டி செங்கல் சூளைக்குன்னு ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன் எறாப் பண்ணைக் காவலுக்குன்னான். எது நெசமோ. போயி ரெண்டு மழை ஆவுது."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீ அந்தப் பக்கமாத்தான தெனம் பஸ்ஸுக்குப் போயினு இருந்த?" என்றார்.