புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கவும்

போன ஞாயிற்றுக்கிழமை காட்டேரிக்குப்பம் சபைக்குப் போயிருந்தோம். ஆராதனை முடிகிற நேரத்தில், மைக் பிடித்திருந்த பையன், "இன்னிக்கி முதல் தடவையா வந்திருக்கிறவங்க தயவுசெஞ்சு எழுந்து நில்லுங்க" என்றான். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அந்த ஊரில் அந்தச் சபையை ஆரம்பித்து வைத்ததே அவர்தான். நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டு நின்றார். எல்லோரும் கை தட்டி வரவேற்புப் பாட்டு பாடினார்கள். ஒரு பெண் ஓடி வந்து அவர் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் பைபிள் வசன அட்டையும் கொடுத்து, "எந்த ஊருங்க ஐயா?" என்று கேட்டாள்.

"வில்லியனூரும்மா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நீங்களே சொல்லுங்கள், இப்படி ஒரு மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? பஸ் ஏறியதும், "இன்னாத்துக்கு எழுந்து நின்னீங்க?" என்று கேட்டேன். "அந்தக் கட்டடத்துக்கு முதல் தடவதான வந்தேன்" என்றார். பொய் சொல்ல மாட்டார், அந்த மட்டும் நல்லவர். பிஸ்கட்டைப் பிரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். கோபம் இருந்தாலும் பசியும் இருந்ததால் வாங்கிக்கொண்டேன்.

சபைக் கட்டடம் முழுக்கப் புது பெயின்ட் வாசனை. டைல்ஸ் தரை, வரிசையாக ஃபேன், ஒரு மூலையில் டிரம்ஸ். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது என் மூக்கில் ஏறியது நனைந்த கரும்புச் சோகையின் வாசனைதான். முன்பு அந்த இடத்தில் இருந்தது காய்ந்த கரும்பு இலையான அந்தச் சோகையை வேய்ந்த ஒரு கொட்டகை. ஐப்பசி மழையில் கூரை ஊறிப் புளித்த மாதிரி வாசம் வரும். பாயில் முழங்கால் போட்டால் சேலையில் ஈரம் ஏறிவிடும். புதன்கிழமை சாயங்காலம் அதில் பெண்கள் கூட்டம் நடக்கும். நடத்தியது நான்.

நாங்கள் அந்த ஊருக்குப் போன புதிதில் எங்களை வில்லியனூர் மாதா கோயில் ஆட்கள் என்றே நினைத்தார்கள். "உங்க தேரு எப்ப வரும்?" என்று கேட்டார்கள். தேர் இல்லை, மாதா சுரூபம் இல்லை, மெழுகுவத்தியும் இல்லை என்றதும், "அப்ப இன்னாதான் இர்க்கு உங்ககிட்ட?" என்றாள் ஒருத்தி. அவள்தான் அஞ்சலை. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள். விடியற்காலையில் தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பெண்கள் தூக்குவாளியோடு வெளியே வந்துவிடுவார்கள். எங்கள் கொட்டகைக்கு அவள் கேள்வி கேட்கத்தான் வந்தாள். அப்புறம் கேள்வி கேட்டுக்கொண்டே தங்கிவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பற்றி யார் குறை சொல்கிறார்களோ, அந்த வேலையை அவர்கள் தலையிலேயே கட்டிவிடுவார். பாட்டு ரொம்ப இழுவையாக இருக்கிறது என்று முணுமுணுத்த கரும்பு லாரி டிரைவர், அடுத்த வாரத்திலிருந்து பாட்டு நடத்தினார். அஞ்சலை ஒருநாள், "இன்னா ஐயா, உங்க ஜெபம் முடியறதுக்குள்ள வூட்ல ஒல வத்திப்போவுது" என்றாள். "சரிம்மா, அடுத்த வாரம் நீயே பண்ணு" என்றார். அவளும் பண்ணினாள். "சாமி, எல்லார் வூட்லயும் அடுப்பு எரியணும். ஆமென்." அவ்வளவுதான் ஜெபம். குறை சொல்வதில் அந்த ஊரிலேயே எனக்குத்தான் முதலிடம் என்பதால் பாதி வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. புதன்கிழமைக் கூட்டமும் அப்படி வந்ததுதான். ஆனால் அதை மட்டும் நான் மனசார வாங்கிக்கொண்டேன்.

இப்போது வில்லியனூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பேனர். பெயருக்கு முன்னால் அப்போஸ்தலர், அதற்கும் முன்னால் டாக்டர். கோட்டுப் போட்டுக்கொண்டு ஆள் உயரத்துக்கு ஒருவர் நிற்பார், பக்கத்தில் அவருடைய மனைவி பட்டுப்புடவையில் சிரிப்பார். எனக்கும் அப்படி ஒரு பேனரில் நிற்க ஆசைதான், மறைப்பானேன். என் வீட்டுக்காரருக்கு அப்போஸ்தல ஊழியம் என்றால் ஒரே அர்த்தம். போ, ஆரம்பி, அந்த ஊர்க்காரர்கள் கையில் கொடு, கிளம்பு.

இது அவருக்கு ஒரு பயிற்சி முகாமில் பிடித்த வியாதி. தலைவன் என்பவன் வினையூக்கியாக இருக்க வேண்டும் என்று அங்கே யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து, "வினையூக்கின்னா இன்னா?" என்று என்னைக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்தது பாதிதான் ஞாபகம் இருந்தது. பாலுக்கு உறை ஊற்றுகிற மோர் மாதிரி என்று சொல்லி வைத்தேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அப்புறம் போகிற ஊரிலெல்லாம் உறைமோர் பிரசங்கம்தான். பாடப்புத்தகத்து வினையூக்கி கடைசிவரை மாறாமல் மிச்சம் இருக்கும். உறைமோர் மிச்சம் இருக்காது. அந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அப்போது நான் திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது, என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. காட்டேரிக்குப்பத்தில் அதற்கு முன் கிடைக்காத எல்லாம் கிடைத்திருந்தது. கம்பெனி வேன் ரோட்டுமுனைக்கே வரும். அடிக்கடி பள்ளிக்கூடம் மாறிக்கொண்டிருந்த என் மகளுக்கு முதல்முறையாக ஒரு சிநேகிதி அமைந்தாள். எனக்கு அஞ்சலை இருந்தாள். வாழ்நாளில் இனி மூட்டை கட்ட வேண்டியதில்லை என்று நம்பிவிட்டேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "இங்க வேல முடிஞ்சிட்டுது. பாகூர் பக்கம் போலாம்."

"முடிஞ்சிட்டுதா? இப்பத்தான நாலு பேரு சேந்து குந்துறாங்க."

"அதான் சொல்றன். இனிமே அவங்களே பாத்துப்பாங்க. புதங்கெழமய அஞ்சலகிட்ட குடுத்துடு."

"அவளுக்கு வசனமே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருது."

"அவ கூப்ட்டா வயலுக்கு ஆள் வருது. நீ கூப்ட்டா வருமா?"

நான் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

சாமான் ஏற்ற வண்டி வந்த அன்று நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வரமாட்டேன் என்றேன். வண்டிக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். என் வீட்டுக்காரர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரி, நீ இரு" என்று சொல்லிவிட்டு, ஒரு பாயும் பைபிளும் மாற்று வேட்டியும் எடுத்துக்கொண்டு பாகூருக்குப் போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். புதன்கிழமை வந்தது. அஞ்சலைதான் நடத்த வேண்டும் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ஓரமாக, தூணோடு தூணாக உட்கார்ந்தேன். அஞ்சலை எழுந்து நின்றாள், பைபிளைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். வயலில் வரப்புக்கு வரப்பு கேட்கிற குரல் அவளுடையது, அன்றைக்கு அவளிடமிருந்து காற்றுதான் வந்தது. பாவமாக இருந்தது, நான் ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தேன். கூட்டம் நல்லபடியாக நடந்தது. அடுத்த புதனும் அதே கதை. அதற்கடுத்த வாரங்களில் கூட்டம் மெலிய ஆரம்பித்தது.

ஒருநாள் நடவு முடிந்து சேறு காயாத காலோடு அஞ்சலை வந்து என் வாசலில் நின்றாள். உள்ளே வந்து குந்தச் சொன்னேன். வரவில்லை.

"யக்கா, நீ உன் வூட்டுக்காரர்கிட்டயே போயிடு."

எனக்கு முதலில் புரியவில்லை. இங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. நீ குந்தி இருந்தா எனக்கு வாய் வர மாட்டன்னுது. எல்லாம் உன் மூஞ்சியயே பாக்குதுங்க. நீ போனாத்தான் நான் பேசுவன். இல்லன்னா நீயே வெச்சிக்க, நான் வரல."

அவளுடைய மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தபோது நாள் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளோடு உட்கார்ந்திருந்தவள் நான். கம்பெனிக்கு லீவு போட்டு அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். என்னைப் பார்த்துப் போ என்கிறாள். ஓங்கி ஒன்று விட வேண்டும் போல இருந்தது. அவள் அதையும் எதிர்பார்த்துத்தான் நின்றாள் என்று நினைக்கிறேன். மறுநாள் அவளே நாற்றுக்கட்டு கட்டுகிற கயிற்றை எடுத்து வந்து என் பாத்திரங்களைக் கட்டிக் கொடுத்தாள். நான் அழுதேன். அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

மகளோடு பாகூரில் இறங்கியதும் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்கதான அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?" என்பதுதான். இல்லவே இல்லை என்றார். சத்தியம் பண்ணுங்கள் என்றேன். சத்தியம் பண்ணக்கூடாது என்று வேதத்தில் இருக்கிறது என்றார். இன்றுவரை எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

பாகூரிலிருந்து பஸ் மாறி மாறித் திருபுவனைக்குப் போக முடியாமல் கம்பெனி வேலை நின்றது. அப்புறம் பாகூரையும் அந்த ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த ஊர்களைச் சொன்னால் எனக்கு மறுபடியும் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

போன ஞாயிறு அந்தப் பிஸ்கட் கொடுத்த பெண்ணிடம், "அஞ்சலை எங்கம்மா?" என்று கேட்டேன். "யாரு ஆன்ட்டி?" என்றாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் திரும்பினார். "அந்தம்மா இங்க இல்லிங்களே. எல்லாத்தயும் சபையில இர்க்கிற புள்ளைங்ககிட்ட குடுத்துட்டு, பொண்ண குடுத்த ஊருக்குப் போயி அங்க ஜெபம் ஆரம்பிச்சிருக்காங்க. மருமவனுக்கு ஒரே கோவமாம்." அந்த மருமகனை நான் பார்த்ததில்லை, ஆனாலும் முழு மனதோடு அவர் பக்கம்தான்.

என் வீட்டுக்காரருக்கு முட்டி தேய்ந்துபோய், டாக்டர் அலையக்கூடாது என்று சொன்ன பிறகு, வில்லியனூரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் கேட்ட மாதிரியே நிலையாக ஒரு வீடு. ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருக்கிறேன். முன்பெல்லாம் எந்த ஊரில் இருந்தாலும் அடுப்பில் உலை வைத்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் சண்டை, ஜெபம் பண்ண வாங்க என்று ஏதாவது ஒன்று. சலித்துக்கொண்டே போய்த் திறப்பேன். இப்போது கேஸ்காரரைத் தவிர யாரும் தட்டுவதில்லை.

நேற்று கேட்டேன். "இத்தன ஊர்ல இத்தன பேரு. ஒருத்தராவது நம்மளத் தேடி வராங்களா?"

"தேடலன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்றார், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே.

அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.