லூசியனை அழித்த டேப்

டோரீன் பெல்ட்டியே கனடாவின் சட்பரி நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். சனிக்கிழமைகளில் 'ஃபர்னஸ் லேக்' என்ற ராக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தாள். மேடையில் விளக்கு அதிகம் விழாத இடது ஓரம் அவளுடைய இடம். பாட்டு முடிந்து ஜனங்கள் கத்தும்போது அவள் குனிந்து தந்தியைச் சரிபார்ப்பதுபோல் பாவனை செய்வாள். பதினாறு வருடம் இப்படிப் போயிற்று. சுரங்கத்தார் கல்யாணம், ஹாக்கி அரங்கம், மதுக்கடை என்று எல்லா இடத்திலும் வாசித்தாயிற்று. ஆனால் கடையில் போய் எடுத்து, இதில் நான் இருக்கிறேன் என்று காட்ட ஒரு ஆல்பம்கூட இல்லை.

அந்த ஆல்பத்தைத்தான், பனித்தரையில் கல்லை வழுக்கவிட்டு ஆடும் கர்லிங் கிளப்பின் கீழ்த்தளத்தில், வால்ட் ஹ்ரின்சுக்கின் ஸ்டுடியோவில், பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். முதலில் டிரம்ஸும் பேஸும் சேர்த்து ஒரே அறையில் வாசித்தாயிற்று. அதன்மேல் மற்றவர்கள் ஒவ்வொருவராக வாசித்துச் சேர்க்க வேண்டும். நன்றாகத்தான் போனது, ஈவோன் கிளம்பும்வரை.

ஈவோன் கீபோர்டு வாசித்தவள். நார்த் பே என்ற ஊரில் வேறு குழுவுக்குப் போய்விட்டாள். பாடுபவனும் குழுவுக்குத் தலைவனுமான ரேஜானுக்கு அது தாங்கவில்லை. விட்டுப் போகிறவர்கள் தங்கள் சத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகட்டும், நம் டேப்பில் அவர்கள் இருக்கக்கூடாது என்றான். எல்லாரும் கை தூக்கினார்கள். டோரீனும் தூக்கினாள். வால்ட் டேப்பிலிருந்து ஈவோனின் கீபோர்டை அழித்தான். வேறு ஆளை வைத்து மறுபடி வாசித்தார்கள். அடுத்து கிதார்க்காரன் டெர்ரி ஆல்பர்ட்டாவுக்குப் போனான். அவனையும் அழித்தார்கள். பாதி கட்டிய சுவரைத் தாங்களே இடித்து மறுபடி கட்டுகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆல்பம் முடியும்வரை மேடை வேண்டாம் என்று ரேஜான் கச்சேரிகளையும் நிறுத்திவிட்டான்.

கச்சேரி இல்லாதது டோரீனுக்கு ஒருவகையில் வசதியாகப் போயிற்று. அந்த அக்டோபரில் அவளுடைய இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கையை நோக்கி மடங்கத் தொடங்கியிருந்தன. வலி கிடையாது. ஸ்டீயரிங்கைப் பிடிக்க அந்த மடக்கம் இடைஞ்சலாக இல்லை, தந்தியைப் பிடிக்கத்தான் விடவில்லை. அறுவை செய்யலாம், ஆனால் பழைய கை திரும்ப வரும் என்று சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். அவள் யாரிடமும் சொல்லவில்லை. இனி வாசிக்க முடியாது என்றால் குழுவில் இல்லை என்று அர்த்தம். குழுவில் இல்லாதவர்கள் டேப்பிலும் இல்லை. அதனால் ஆல்பம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தாள். வால்டிடம் தன் பேஸை மட்டும் ஒரு கேசட்டில் போட்டு வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலிப் பேருந்தில் திரும்பும்போது அதைக் கேட்பாள்.

பிப்ரவரியில் டிரம்ஸ்காரன் லூசியனும் போனான். கோரஸ் வந்தால் நீ வேகம் கூட்டி ஓடுகிறாய் என்று ரேஜான் சொல்ல, அது ஓட வேண்டிய பாட்டுதான் என்று அவன் சொல்ல, டிரம்ஸ் குச்சிகள் வெளியே பனிக்குள் பறந்தன. அன்று மாலையே ரேஜான் டிரம்ஸை அழிக்கச் சொன்னான். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த தாளம் அது. வால்ட் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் அழித்தான்.

புதிதாக வந்தவர் ஆர்மஸ் நீயமி. ஃபின்னியர் மன்றத்தில் போல்கா நடனத்துக்கு டிரம்ஸ் வாசிப்பவர், சுரங்கத்தில் ஓய்வுபெற்றவர். ஏற்கெனவே இருந்த கிதாரோடும் பாட்டோடும் சேர்ந்து வாசிக்க மத்தியானம் முழுக்க முயன்று பார்த்தார். ஒட்டவில்லை. குச்சியைக் கீழே வைத்தார்.

"தம்பி, உன் பாட்டு மூணாவது வரி வரைக்கும் நடந்து போகுது. அப்புறம் பஸ்ஸப் புடிக்க ஓடுது. எதுக்கு ஓடுதுன்னு சொன்னா நானும் ஓடுவேன்."

"அது லூசியன் பண்ண வேலை" என்றான் ரேஜான்.

"அவன்தான் போயிட்டானே. இன்னும் ஏன் எல்லாரும் அவன் பின்னாடியே ஓடுறீங்க?"

ரேஜான் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றான். ஆர்மஸும் டோரீனும் இன்றே சேர்ந்து வாசித்துவிடட்டும் என்றான். குளிருக்கு என்று சொல்லி அவள் கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக வால்டின் பக்கம் போய், ஆர்மஸுக்கு மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு என் பேஸை மட்டும் ஹெட்ஃபோனில் கொடுத்துப் பார் என்று மெல்லச் சொன்னாள்.

ஆர்மஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அடியில யாரோ இருக்கான். கீழ் வீட்டுல கறி கொத்துற மாதிரி. நல்ல கை." அந்தச் சத்தத்தோடு சேர்ந்து வாசித்தார். கோரஸ் வந்தது, பேஸ் ஓடியது, அவரும் ஓடினார். பாட்டு முடியும்வரை எங்கேயும் பிசகவில்லை. டோரீன் மாதக்கணக்கில் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

ரேஜான் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினான். அவன் முகம் மாறியது.

"இவன் இன்னும் உள்ளதான் இருக்கானா?"

முதலில் பதிவுசெய்த அன்று பேஸின் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வைத்த மைக் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அது லூசியனையும் கொஞ்சம் வாங்கிவிட்டது என்று வால்ட் சொன்னான். பிரித்தெடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, காப்பியில் விட்ட பாலை எடுக்கச் சொல்கிறாயே என்றான்.

"அப்ப பேஸையும் அழி" என்றான் ரேஜான். அதில் கோபம்கூட இல்லை. "டோரீன் மறுபடி வாசிச்சிடுவா. அவளுக்கு என்ன."

தன் பேஸைக் காப்பாற்றப் போய்த் தானே அதைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. வால்டின் விரல் பொத்தானுக்குப் போனது. அவள் குறுக்கே கையை வைத்தாள்.

"என்னால முடியாது."

"அடம் புடிக்காத டோரீன்."

"அடம் இல்ல, ரேஜான். கை."

கையுறையைக் கழற்றி, இடது கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். கை படியவில்லை. மடங்கிய இரண்டு விரல்களும் அதைத் தூக்கிப் பிடித்திருந்தன. ரேஜான் தன் விரலால் அவற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தான். இறங்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நான் குழுவுல இல்லேன்னு ஆயிடும். இல்லாதவங்களத்தான் நீ அழிச்சிடுவியே." பிறகு சேர்த்துச் சொன்னாள், "கை தூக்கினதுல நானும் ஒருத்தி."

வால்ட் வாங்கிவைத்த பொர்கெட்டா என்ற பன்றிக்கறி பன்னைப் பிரித்த ஆர்மஸ், தின்னாமல் மறுபடி மூடினார். மேலே கர்லிங் கல் ஒன்று பனிமேல் வழுக்கிப்போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"ஈவோன்?" என்றான் ரேஜான். "டெர்ரி? இதேமாதிரி அவங்களும் எதுலயாவது ஒட்டிக்கிட்டு இருக்காங்களா?"

வால்ட் இல்லை என்று தலையை ஆட்டினான். ஈவோனின் கீபோர்டு மைக் இல்லாமல் நேராக வயரில் வந்தது. டெர்ரியின் பெட்டியைக் கழிப்பறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். "எதுலயும் இல்ல. நீ கேட்ட மாதிரியே சுத்தமா அழிச்சேன்."

ரேஜான் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். கையை எடுத்தபோது வயதானவன்போல் இருந்தான்.

"பேஸ் இருக்கட்டும்" என்றான், யாரையும் பார்க்காமல்.

மேடையில் இனி யார் என்று அவன் கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆர்மஸ் எழுந்து உள்ளே போனார். மைக்கில் அவர் குரல் வந்தது. "அந்தக் கீழ் வீட்டுக்காரனக் கொஞ்சம் சத்தமா வைப்பா, எனக்குக் காது மந்தம்." வால்ட் ரேஜானைப் பார்த்தான். ரேஜான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். வால்ட் சத்தத்தைக் கூட்டினான்.

டேப் சுழன்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்மஸ் குச்சிகளைத் தட்டி நான்குவரை எண்ணினார். பேஸ் தொடங்கியது. கையில் கிதார் இல்லாமல் டோரீனுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.