ஏழாவது கேள்வி

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்து உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: சொன்னால் கேட்கிறவர்கள், சோம்பேறிகள். பதினெட்டு வருடம் தொழிற்பயிற்சிக் கூடத்தில் மின்வேலை கற்றுக்கொடுத்தவர். அங்கே எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது. வாத்தியார் எதிரில் நின்றால் எவனும் ஒயரைத் தப்பாக மாட்ட மாட்டான். மாட்டப் போகும்போதே கையில் ஒரு தட்டு விழும்.

அந்த மனுஷனைக் கூப்பிட்டு, பாதுகாப்புப் பாடத்தை இனிமேல் வீட்டிலிருந்தே செல்போனில் படிக்கிற மாதிரி செய்து கொடுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆறு மாதம் எங்கள் வீடு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். குரல் கொடுக்க ஆள் கிடையாது என்று அதையும் என் தலையில் கட்டினார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சத்தம் வராமல் போர்வைக்குள் உட்கார்ந்து, வியர்க்க வியர்க்கப் பன்னிரண்டு பாடத்தையும் படித்தேன். "சரி. அடுத்த பாடத்துக்குச் செல்லுங்கள்" என்பதும், "தவறு. பாடத்தை மீண்டும் கேளுங்கள்" என்பதும் என் குரல்தான்.

எழுபது பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் எங்காவது வேலையில் இருப்பவர்கள். என் தம்பியும் அதில் ஒருவன். ஆலையில் பத்து வருடமாக மின்பிரிவில் இருக்கிறான். மூன்று மாதத்துக்குள் இந்தச் சான்றிதழைக் கொண்டுவராதவர்களை மூட்டை தைக்கும் பக்கம் மாற்றிவிடுவோம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் பாடம் முடிந்ததும் பத்துக் கேள்விகள் வரும்; ஒவ்வொன்றுக்கும் நான்கு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். பத்தும் சரியாக இருந்தால்தான் நான்காம் பாடம் திறக்கும். எது தப்பு என்றும் காட்டாது. எல்லாம் வாத்தியாரின் ஏற்பாடு. "எது தப்புன்னு காட்டினா அதை மட்டும் மாத்திட்டு ஓடிடுவான். கரன்ட் விஷயத்துல பத்துக்கு ஒன்பதுன்னு ஒண்ணு கிடையாது" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சந்தேகம் எழுத ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள். அதைத் திறந்து பார்ப்பது யார் வேலை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றாம் பாடத்தைத் தாண்டியவர்கள் ஒன்பதே பேர். மற்ற அறுபத்தொரு பேரும் அங்கேயே நின்றார்கள். வாத்தியார் வீட்டில் குதித்த குதியை நான்தான் பார்த்தேன்.

"பாடத்தை எவன் கேக்கறான்? ஓடவிட்டுட்டு வெளியே போய் அரட்டை அடிச்சுக்கிட்டு இருப்பான்!"

அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்தான். "பதினோரு தடவை போட்டுட்டேன் அத்தான். எங்கேயோ இடிக்குது."

"வேற எங்கே, மண்டையிலதான்."

தம்பி சிரித்துவிட்டுப் போனான். அடுத்த மூன்று வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்கு இருவர் மேலும் எரிச்சல். இவருக்கு வாய் அதிகம், அவனுக்கு வாயே கிடையாது. வகுப்பாக இருந்தால் ஒருத்தன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, "டேய், எனக்கும் அதேதான் வருது" என்று சொல்லியிருப்பான். இங்கே அறுபத்தொரு பேர் அறுபத்தொரு வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்து, தப்பு நம் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆலையில் கொடுத்த கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, ஞாயிறு காலை, நானே தம்பியைக் கூப்பிட்டு வரவழைத்தேன். அவன் போனை வாங்கி இவர் கையில் திணித்தேன்.

"நீங்களே போட்டுக் காட்டுங்க."

ஒரு நிமிடத்தில் போட்டு முடித்தார். போனிலிருந்து என் குரல் வந்தது: "தவறு. பாடத்தை மீண்டும் கேளுங்கள்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக இன்னொரு முறை போட்டார். மறுபடியும் தவறு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

கணினியைத் திறந்து விடைப்பட்டியலைப் பார்த்தார். ஏழாவது கேள்வி: கூட வேலை செய்பவரை மின்சாரம் பிடித்துவிட்டது, முதலில் என்ன செய்வீர்கள்? மெயினை அணைக்க வேண்டும். பாடத்திலும் அதைத்தான் நான் கிளிப்பிள்ளை மாதிரி மூன்று முறை சொல்லியிருந்தேன். பட்டியலிலோ சரியான விடையாகக் குறித்திருந்தது, "கையைப் பிடித்து இழுப்பேன்." சரியான விடையெல்லாம் ஒரே இடத்தில் வருகிறது, கலைத்துப் போடுங்கள் என்று கடைசி நாளில் மேலிடத்தில் சொன்னார்களாம். விடைகளை இடம் மாற்றிய இவர், அந்த ஒன்றுக்கு மட்டும் பட்டியலை மாற்ற மறந்துவிட்டார்.

உடனே திருத்தினார். தம்பிக்கு நான்காம் பாடம் திறந்தது. அறுபத்தொரு பேருக்கும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினார். நான் விடவில்லை. "இத்தனை நாளா அத்தனை பேரையும் சோம்பேறின்னு திட்டினீங்களே!"

"விடுக்கா" என்றான் தம்பி.

இவர் சேர்ந்தவர்களின் பட்டியலைத் திறந்தார். பிறகு சொன்னார்: "அவங்க சரியான பதில் தெரிஞ்சவங்க, அதான் நின்னுட்டாங்க. தாண்டிப் போன ஒன்பது பேரு?"

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மூன்று பேர் சிரித்தார்கள். தப்பென்று தெரிந்தேதான் மாற்றிப் போட்டார்களாம். நான்காவது ஆள் மரியாதையாகப் பேசினான்.

"மெயினை அணைக்கணும்னுதான் சார் முதல்ல போட்டேன். அந்தம்மா தவறுன்னுட்டாங்க. ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தேன். ஏழாவதை மாத்தினதும் திறந்துச்சு. அப்போ இழுக்கறதுதான் சரின்னு மனசுல ஏத்திக்கிட்டேன். எங்க பட்டறைக்குப் புதுசா வந்த ஆறு பேருக்கும் அதையே சொல்லிக் கொடுத்துட்டேன் சார்."

இவர் போனை என்னிடம் நீட்டினார்.

"அது தப்புப்பா" என்றேன். "தொட்டா உன்னையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். மெயினைத்தான் அணைக்கணும்."



"பாடத்துல பேசறது நீங்கதானேம்மா? அன்னிக்குத் தவறுன்னு சொன்னதும் நீங்க, இன்னிக்குச் சரின்னு சொல்றதும் நீங்க. நான் எதைம்மா நம்பறது?"

 பட்டறை எங்கே இருக்கிறது, அந்த ஆறு பேரும் காலையில் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்குவார்கள் என்று மட்டும் கேட்டேன். போகவே ஐந்து மணி நேரம் ஆகும் என்றான். வாத்தியார் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.