தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்தவள்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் கை உடைந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அதே பெண் என் தலையில் உருமால் கட்டி, தன் மகளின் காதுகுத்தில் என்னைத் தாய்மாமன் இடத்தில் உட்கார வைத்தாள். நானும் உட்கார்ந்தேன்... வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்!

நீங்கள் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்காக அரசு நடத்தும் உதவி மையம் ஒன்றில் நான் ஆற்றுப்படுத்துநர். தங்க இடம், மருத்துவம், போலீஸ், வக்கீல் என்று எல்லாவற்றுக்கும் அங்கே வழி உண்டு. 181 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தவர்களும் எங்களிடம் வந்து சேர்வார்கள். வந்தவளுக்கு முதலில் டீ. பிறகு நான். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதுதான் என் வேலை.

நான் எங்கே கேட்டேன்? சேர்த்து வைத்தேன்!

ஆம், அதில் எனக்கு அப்படியொரு பெருமை. கணவன் வந்து கண்ணைக் கசக்கினால் போதும், நான் உருகிவிடுவேன். பூக்கடையிலிருந்து இரண்டு மாலை வரும். டீக்கடையிலிருந்து கேசரி வரும். எங்கள் அறையிலேயே இருவரும் மாலை மாற்றிக்கொள்வார்கள், நாங்கள் கைதட்டுவோம். எந்தச் சட்டத்திலும் இல்லாத சடங்கு அது, நானே கண்டுபிடித்தது. 'சேர்த்துவைக்கும் சாந்தி' என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள். எனக்கோ அது பட்டம்!

அப்போதுதான் மாதேஸ்வரி வந்தாள். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் பழம் பிரித்துப் போடும் கூலி வேலை. இடுப்பில் கைக்குழந்தை. அவள் மனுவைப் பார்த்த பாதுகாப்பு அலுவலர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அந்தம்மா சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை; பேச்சும் அளந்துதான் வரும். "இந்தப் பொண்ணு பயந்துபோயிருக்கு சாந்தி. அனுப்பிடாதீங்க. கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றார்.

சொல்லிவிட்டு அவர் கலெக்டர் அலுவலகத்துக் கூட்டத்துக்குப் போனார். அந்த நேரம் பார்த்துக் கணவன் வந்தான். அழுதான். மாலை வந்தது. கேசரியும் வந்துவிட்டது.

"வேணாங்க்கா... எனக்கு பயமா இருக்குங்க" என்றாள் மாதேஸ்வரி.

கேசரி ஆறிக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆபீசரம்மா உத்தரவும்மா. சேர்ந்துதான் போகணுமாம். நான் என்ன பண்ணட்டும்?"

சொன்னேன்! அனுப்பாதே என்றவர் தலையிலேயே அனுப்பிய பழியைக் கட்டினேன். மாலையை அவள் கையில் நானே வைத்து அழுத்தினேன்.

கொஞ்ச நாளில் ஆம்புலன்சில் திரும்பி வந்தாள். இடது முழங்கை நொறுங்கியிருந்தது. "யாரு அனுப்பினது?" என்று அலுவலர் கேட்டார். "அவளேதான் போறேன்னா, மேடம்" என்றேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று... அதையும் அந்தம்மா நம்பினார்.

அதன் பிறகு அரசாங்கம் செய்ததைச் சொன்னால் உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். அலுவலர் தாமே கோர்ட் வாசலில் நின்று பாதுகாப்பு உத்தரவு வாங்கித் தந்தார். விடுதியில் இடம், குழந்தைக்குப் பால், கைக்கு வைத்தியம். பிறகு மகளிர் குழு, கடன், ஒரு லோடு ஆட்டோ! இன்று பாலக்கோட்டுத் தக்காளியை ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்துப் பறக்கிறாள் மாதேஸ்வரி. கை முழுதாக நீளவில்லை. "ஹேண்டில் புடிக்கத்தாங்க்கா சாமி இத மடக்கியே வுட்டுருச்சு" என்று அவளே சிரிக்கிறாள்.

அவ்வளவும் செய்த அலுவலர் முகத்தை மட்டும் அவள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. தப்பு செய்தவர் பரிகாரம் செய்கிறார் என்று அவள் நினைப்பு.

அந்தக் காதுகுத்து இருக்கிறதே... அடடா! 'புருசனை விட்டவ வூட்டு விசேசத்துக்கு வரமாட்டோம்' என்று கூடப் பிறந்தவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். மாமன் மடி இல்லாமல் குழந்தைக்கு எப்படிக் காது குத்துவது? மாதேஸ்வரி நேரே மையத்துக்கு வந்தாள். "நீங்கதாங்க்கா மாமன். சீரு தட்டோட வந்துருங்க" என்றாள். மறுக்க வேண்டும் என்று நினைத்தேன். பட்டுப்பாவாடை எடுக்கக் கடைக்கு ஓடினேன்!

பம்பை அடித்து எங்களை எதிர்கொண்டார்கள். மையத்துப் பெண்கள் எல்லார் தலையிலும் தட்டு. பின்னால் ஆடிக்கொண்டு வந்தவர்களில் எங்கள் வக்கீலம்மாவும் உண்டு, காவல் நிலையத்து ஏட்டம்மாவும் உண்டு. பெரியவர் ஒருவர் மட்டும் வழிமறித்தார்.

"பொம்பள எங்கியாச்சும் மாமனா உக்காருவாளா?"

"எம் பொறந்தவங்க வரலீங்க. எனக்குன்னு வந்து நின்னது இந்தக்காதான். இது மடியிலதான் எம்புள்ள உக்காரும்!" என்றாள் மாதேஸ்வரி.

கூட்டம் கைதட்டியது. பெரியவரே சிரித்துவிட்டு உருமாலை எடுத்துக்கொடுத்தார். அன்று கைக்குழந்தையாக வந்த கனிஷ்கா என் மடியில் ஏறியதும், "மாமா, வலிக்குமா?" என்று கேட்டாள். மாமா! ஆசாரி குத்தியபோது அவள் வீறிட்டாள். அவளோடு நானும் அழுதேன். என் வாழ்நாளில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வாய்த்ததில்லை. இதையும் மறைக்காமல் சொல்கிறேன்... அந்தச் சந்தோஷத்தில் என் பொய் எனக்கு ஞாபகமே வரவில்லை!

வந்தது. பந்தியில் வந்தது.

பக்கத்து இலையில் ஓர் இளம்பெண். அந்த வெயிலிலும் முந்தானையால் கழுத்தை இழுத்து மூடியிருந்தாள். மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"மாதேசக்கா உங்களப் பத்தி நெறைய சொல்லுச்சுங்க. எங்கூட்டுக்காரரு என்னையும்..." சற்று நிறுத்தினாள். "ரொம்ப நாளா மையத்துக்கு வரணும்னு நெனப்புங்க. அங்க ஆபீசரம்மா ஒருத்தங்க, அடிக்கிறவங்கூடவே திருப்பி அனுப்பிருவாங்கன்னு அக்கா சொல்லுச்சு. அந்த பயத்துலதாங்க வராமயே இருந்துட்டேன்."

பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தேன். ரொம்ப நாளாக என்றாளே... அத்தனை நாளும் அவள் வாங்கிய அடி?

"அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்லம்மா. நாளைக்கு வா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அப்ப மாதேசக்கா சொன்னது பொய்யாங்க?"

"மாதேசு பொய் சொல்றவ இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். அதற்குள் மாதேஸ்வரி பாயச வாளியோடு வந்துவிட்டாள். "மாமனுக்கு இன்னொரு கரண்டி!" என்று இலை நிறைய ஊற்றினாள். சிரித்தேன். குடித்தேன். வேறு என்ன செய்தேன் என்கிறீர்கள்?

திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். அவள் வந்தது நல்ல செய்திதான்; அவளுக்கும் நல்லது நடக்கும். அலுவலர் அறைக்கு அழைத்துப் போனேன். அந்தம்மாவைக் கண்டதும் அவள் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, என் புடவையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அலுவலர் அதைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் சிரித்தார்.

"உங்கள எவ்வளவு நம்புறாங்க பாருங்க, சாந்தி!"

"நன்றிங்க, மேடம்" என்றேன்.