என்னைக் கண்டால் அணையும் அடுப்பு

நான் போய் நின்றால் அடுப்பு அணைந்துவிடும் என்று ஒரு தெருவே நம்பியது. எழுபதுகளின் கடைசியில், சமயநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊரில் நடந்த கதை இது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மூன்று மாதத்தில் நானே அதைப் பாதி நம்பிவிட்டேன்.

அப்போது எனக்கு ஒன்றிய அலுவலகத்தில் கோபர் கேஸ் சூப்பர்வைசர் வேலை. ஜனங்கள் வாயில் அது சாணி கேஸ், நான் கேஸ் சார். இப்போதைய பிள்ளைகளுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். கிணறு மாதிரி ஒரு குழி கட்டி, அதன் மேல் இரும்பு டிரம் ஒன்றைக் கவிழ்த்து வைப்போம். பக்கத்துத் தொட்டியில் சாணத்தையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கரைத்துத் தினமும் உள்ளே விட வேண்டும். அது உள்ளே புளித்து கேஸ் உண்டாகும். கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். அங்கிருந்து பைப் வழியாக அடுப்புக்குப் போகும். வெளியே வழிகிற கரைசல் தோட்டத்துக்கு உரம்.

ஐந்து மாடும் இரண்டு ஏக்கரும் இருந்தால் விறகுக்கும் உரத்துக்கும் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேசினேன். பேச்சில் எனக்குக் குறை இருந்ததில்லை.

1. கருப்பையா வீடு

கருப்பையா சம்சாரி, சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர். சோளம், கொஞ்சம் நெல், வரப்பில் துவரை, வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் அவரையும். உப்பும் மண்ணெண்ணெயும் தவிர அந்த வீட்டுக்குக் கடையிலிருந்து வருவது குறைவு. அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு இளைப்பு. பருத்திமாரும் வரட்டியும் எரித்து எரித்து வந்தது. நாலு வார்த்தை பேசினால் ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்குவார். புகையில் உட்காரவே கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுப்பில் உட்காராமல் ஒரு சம்சாரி வீட்டுப் பெண் எப்படி இருப்பது என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

அதனால்தான் கருப்பையா என் பேச்சைக் கேட்டார். ஒரு சிக்கல் இருந்தது. பிளான்ட்டுக்கு ஐந்து மாட்டுச் சாணம் வேண்டும். அவரிடம் இருந்தது மூன்று. பாகம் பிரிந்து அடுத்த வீட்டில் இருந்த அவர் அண்ணன் வீட்டில் இரண்டு மாடு. அண்ணன் மனைவி வெள்ளையம்மாள், “எங்க வீட்டுச் சாணியையும் போட்டுக்க. கரைசல்ல எங்க தோட்டத்துக்கும் பாதி குடுத்துரு” என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்றும் இரண்டும் ஐந்து என்று விண்ணப்பப் பாரத்தில் எழுதிக்கொண்டேன்.

கரைக்கும் தொட்டியின் உள்பக்கம் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டேன். “தினமும் இந்தக் கோடு வரைக்கும் இருக்கணும். ஒரு நாளும் குறையக் கூடாது” என்று பேச்சியம்மாளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் அந்தக் கோட்டைச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

2. சோப்புத் தண்ணீர்

முதல் கேஸ் நன்றாகத்தான் வந்தது. அதன் பிறகு ஆரம்பித்தது குழப்பம்.

என் டூர் புரோகிராமில் அந்த ஊர் புதன்கிழமையும் சனிக்கிழமையும். போய்ப் பார்த்தால் டிரம் குழிக்குள் முழுகிக் கிடக்கும். அடுப்பைப் பற்றவைத்தால் மின்மினி மாதிரி இரண்டு தரம் கண்சிமிட்டிவிட்டு அணைந்துவிடும்.

“நேத்து முச்சூடும் எரிஞ்சுச்சு சார்” என்பார் பேச்சியம்மாள். “சோறு, கொழம்பு, அம்புட்டும் இதுலதான்.”

என் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறார் என்று நினைத்தேன். பைப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தேன். வால்வைக் கழற்றி மாட்டினேன். பர்னர் ஓட்டைகளைக் குண்டூசியால் குத்தினேன். மூங்கிலைவிட்டுக் குழியைக் கிண்டினேன். ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த தடவை போனால் மறுபடி அதே கதை, அதே ‘நேத்து எரிஞ்சுச்சு’.

அலுவலகத்தில் எங்கள் இன்ஜினீயர் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார். “சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தியாய்யா?” கேஸ் கசிந்தால் சோப்புத் தண்ணீரில் குமிழி வரும். நான் அந்த பைப்பை அடி அடியாகச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

நாலைந்து வாரத்தில் தெருவில் பேச்சு மாறியது. நான் சைக்கிளில் நுழையும்போதே யாராவது, “ஏ பேச்சி, கேஸ் சார் வாராரு, ஒலையை எறக்கிரு” என்று குரல் கொடுப்பார்கள். என் கண் அப்படியாம். வேறொரு வீட்டில், பால் கறக்கிற நேரத்தில் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை கருப்பையா என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிதானமாகப் பேசினார்.

“சார், ஒங்க மேல ஒரு குத்தமும் சொல்லல. தை பொறக்குற வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல குழிய மூடிட்டு வைக்கப்படப்பு போட்டுருவேன். எரியும் எரியும்னு நம்பி, அணைஞ்சதும் அவசர அவசரமா பருத்திமாரைப் பத்தவைக்கிறா. முன்னைக்கு இப்பத்தான் புகை சாஸ்தி. அவ படுற பாடு பாக்க முடியல.”

எனக்கு வேலையே தெரியவில்லையா, இவர்கள் பொய் சொல்கிறார்களா, இல்லை நிஜமாகவே என் ராசிதான் அப்படியா? சைக்கிள் மதுரைக் காளவாசல் வந்து சேரும்வரை இந்த மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்தேன்.

3. ஒரு திங்கட்கிழமை

மார்கழியில், புதன்கிழமை கூட்டம் இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டதால், அந்த வாரம் திங்கட்கிழமையே போய்விட்டேன். தெருவில் யாரும் என்னை எதிர்பார்க்கவில்லை.

பேச்சியம்மாள் வெங்காயக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். அடுப்பு நீலமாக, சத்தத்தோடு எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டியை இறக்கிக் கீழே வைத்தார். மூலையில் தயாராக இருந்த பருத்திமார்க் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இருங்க சார்,” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. “அணையட்டும்.”

இரண்டு பேரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். அணையவில்லை. நான் ஓரடி முன்னால் போய்ப் பார்த்தேன். அப்போதும் எரிந்தது.

“அணையலையே சார்,” என்றார் பேச்சியம்மாள், ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல. எனக்கும் அதுதான் புரியவில்லை. எரிகிற அடுப்பைப் பார்த்து இரண்டு பேர் முழித்துக்கொண்டிருந்தது என் சர்வீஸில் அந்த ஒரு தரம்தான்.

அந்த நேரம் வெள்ளையம்மாள் கூடையில் சாணத்தோடு வந்தார். வெளியே தொட்டியில் கூடையைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்து, “பேச்சி, இனி புதங்கெழமைதான்” என்றார்.

“ஏன் அக்கா, நாளைக்கு வர மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாளைக்குச் செவ்வாக்கெழம சார். செவ்வா வெள்ளியில சாணிய யாராச்சும் வாசலைத் தாண்டிக் குடுப்பாகளா? லச்சுமியில்ல.”

பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, “அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“இருக்குற மூணு மாட்டுச் சாணியக் கரைப்பேன். பத்தாது. நீங்க போட்ட கோடு இருக்குல்ல, அதுவரைக்கும் தண்ணிய ஊத்திருவேன்,” என்றார். “ஒரு நாளும் கோடு குறைஞ்சதில்ல சார்.”

செவ்வாய்க்கிழமை தண்ணீர், புதன்கிழமை நான். வெள்ளிக்கிழமை தண்ணீர், சனிக்கிழமை நான். நீர்த்த கரைசல் உள்ளே போன மறுநாளெல்லாம் சரியாக நான் போய் நின்றிருக்கிறேன். மூன்று மாதமாக அந்த அம்மாளைப் புகைக்குத் திருப்பி அனுப்பியது நான் போட்ட சிவப்புக் கோடு. வெட்கமாக இருந்தது. என் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை அம்மா யாருக்கும் தயிர் உறை கொடுக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனால் வேலைக்கு வரும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளையம்மாளிடம் விஞ்ஞானம் பேசிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டு, “ஒங்க வீட்டுல குடுப்பாகளா சார்?” என்றார். பிறகு, திங்கட்கிழமையே சேர்த்துத் தரலாமே என்றேன்.

“திங்கக்கெழமன்னு மாடு ரெட்டிப்பாப் போடுமா?”

பேச்சியம்மாள் பருத்திமாரை மடியில் வைத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், அந்தப் பருத்திமாரைத் திரும்பிப் பார்த்தார்.

“சாணிதான் வரக் கூடாது. மாடு வரலாம்ல,” என்றார். “இன்னைக்குப் பொழுதடையவே ரெண்டையும் இங்கிட்டுக் கொண்டாந்து கட்டிருதேன். இங்க போட்டா அது இந்த வீட்டுச் சாணி. பால் கறக்க மட்டும் நான் வாரேன்.”

4. புதன்கிழமை

ரிப்போர்ட்டில் ‘காரணம்’ என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, ‘கரைசல் விகிதத்தில் குறை, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். இன்ஜினீயர் படித்துவிட்டு, “சோப்புத் தண்ணி போட்டியா?” என்றார். போட்டேன் சார் என்றேன்.

கோட்டை அழித்துவிட்டு, இத்தனை கூடைக்கு இத்தனை குடம் என்று சொல்லிக்கொடுத்தேன். தை பிறந்தது. குழியை மூடுகிற பேச்சைக் கருப்பையா எடுக்கவில்லை.

பின்னாளில் எனக்குக் கீழே வந்த இளைஞர்களிடம், எந்த ஊருக்கும் ஒரே கிழமையில் போகாதீர்கள், மாற்றி மாற்றிப் போங்கள் என்று சொல்வேன். சார் நாள் நட்சத்திரம் பார்க்கிறவர் போல என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. நமக்குத் தோதான நாளில் போய்ப் பார்ப்பது அந்த வீடு அல்ல, நம் டூர் புரோகிராம்தான் என்று புரிய எனக்கே மூன்று மாதம் ஆனது. நான் கணக்கில் எடுத்தது ஐந்து மாடு. அந்த ஐந்தும் எந்த வாசலுக்குள் நிற்கின்றன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

அந்தத் தை முடிவதற்குள் ஒரு புதன்கிழமை போனேன். எதற்கு வம்பு என்று வெளியே டிரம் பக்கமே நின்றுகொண்டேன். டிரம் நன்றாக எழும்பியிருந்தது. ஆனாலும் உள்ளே போகக் கால் வரவில்லை. உள்ளிருந்து பேச்சியம்மாள் கூப்பிட்டார்.

“ஏன் சார் வெயில்ல நிக்கிறீக, உள்ள வந்து உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க, அடுப்பு எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு, அணைஞ்சா அணையட்டும், மறுபடி பத்தவச்சுக்கலாம்.”

அத்தனையையும் இடையில் ஒரு தரம்கூட மூச்சு வாங்க நிறுத்தாமல் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.